வண்டியேற மறுக்கும் நாயும் ஆறு கிலோமீட்டர் பயணமும்

கிங்ஸ் சர்க்கிளின் மகேஸ்வரி உத்யானத்தை விட்டு டாக்டர் அம்பேத்கர் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால், தாதர் டி.டி., ஹிந்த்மாதா ஆகியவற்றைக் கடந்து பரேலை அடைகிறோம். அங்கேதான் பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. தொலைவு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் இராது. நம் பகுதியில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் பலவற்றுக்கும் அந்தச் சாலை பழக்கமானதே. ஆயினும் அவ்வளவு சிறிய பயணத்தை எண்ணியே பல வீடுகளில் தடுப்பூசி நாள் தள்ளிப்போகிறது. காரணம் பணமன்று, நேரமின்மையும் அன்று. காரின் கதவைத் திறந்ததும் நாய் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடுகிறது என்பதே காரணம்.

இதனை வேடிக்கையாகக் கருதிச் சிரித்துவிடுவது எளிது. நாமும் சிரித்ததுண்டு. ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும் நாயையோ, மாடிப்படியில் உருண்டு கால் முறிந்த நாயையோ உடனே கொண்டுசெல்ல வேண்டிய நிலை ஏற்படும்போது அந்த மறுப்பு வேடிக்கையாக இருப்பதில்லை. அன்றைக்குக் கற்றுக்கொடுக்க நேரமும் இராது. வண்டியில் ஏறவும் ஏறியபின் கட்டுண்டு அமரவும் நாயைப் பழக்குவது நோயற்ற நாள்களில் செய்து முடிக்க வேண்டிய வேலையாகும். வைப்புத் தொகை சேர்ப்பதைப் போன்றதே இதுவும் என்று வங்கித் தொழிலில் இருப்போர் சொன்னால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாயின் பொருட்டுக் கடையடைப்பு நடத்திய நகரம் இது. 1832ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்துப் பார்சி மக்கள் கடைகளை அடைத்துக் கிளர்ந்தெழுந்தனர். இரண்டாண்டுகளில், 1834இல், ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அமிசந்த் குடும்பத்தாரும் முன்னின்று புலேஷ்வரில் பாஞ்சராபோல் என்னும் விலங்குக் காப்பகத்தை அமைத்தனர். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1874இல் தோன்றியது. தின்ஷா மானெக்ஜி பெடிட் தம் துணைவியார் பெயரால் அளித்த கொடையில் பரேல் மருத்துவமனை எழுந்தது. பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886இல் அங்கேயே தொடங்கிற்று. 2024இல் மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளையின் சிறுவிலங்கு மருத்துவமனையும் திறக்கப்பட்டிருக்கிறது. ஆக, மருத்துவத்துக்குக் குறைவில்லை. குறை இருப்பதெல்லாம் வாசற்படிக்கும் கார்க் கதவுக்கும் இடையிலுள்ள பத்தடித் தூரத்தில்தான்.

மடியில் அமரும் நாய்

2022 செப்டம்பர் 4ஆம் நாள் பால்கர் மாவட்டத்தில் நிகழ்ந்த கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்ததை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னிருக்கையில் இருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்பது அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. அதன்பின், நவம்பர் 1 முதல் காரில் பயணம் செய்யும் அனைவரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்று மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. அன்றிலிருந்து பின்னிருக்கையில் பெல்ட்டைத் தேடி இழுக்கும் பழக்கம் நம்மிடையே ஓரளவு வந்துவிட்டது. ஆனால் அதே இருக்கையில் வீட்டு நாய் மட்டும் எக்கட்டும் இன்றி, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வருவதை இன்றும் காண்கிறோம். ஸ்கூட்டரின் கால்வைக்கும் பலகையில் நின்றபடி மாட்டுங்கா சந்தையைக் கடந்துபோகும் நாய்களைப் பற்றி என்ன சொல்வது!

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வணிகவியல் படித்தவர்களுக்கும் விளங்கக்கூடிய கணக்குதான். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. உள்ளே 20 கிலோ எடையுள்ள நாய் ஒன்று கட்டப்படாமல் நிற்கிறது. கார் எதன்மீதாவது மோதி நின்றால், நாய் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். அது ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, கீழே விழுவதற்கு ஒப்பாகும். அந்த வேகம் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தடுக்கப்படுமானால், முன்னால் இருப்பவர்மீது விழும் தாக்கு சுமார் 280 கிலோ எடைக்குச் சமம். மடியில் வைத்து இறுக அணைத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள், 280 கிலோவைத் தங்கள் கைகள் தாங்குமா என்று எண்ணிப்பார்க்க வேண்டும். முன்னிருக்கையில் மடிமீது அமர்ந்த நாயின் நிலை இன்னும் மோசம். காற்றுப்பை வெடித்து விரியும்போது அதற்கும் நமக்கும் நடுவில் இருப்பது நாய்தான்.

விபத்தே வேண்டியதில்லை. கட்டப்படாத நாய் ஓட்டுநரின் காலடிக்குள் புகுந்து பிரேக் மிதிமீது படுத்துக்கொண்டால் போதும். சன்னல் விசையை மிதித்துக் கண்ணாடியைத் தானே இறக்கிவிடும் நாய்களும் உண்டு.

சீட் பெல்ட் பற்றிய நம் சட்டம் மனிதரைக் குறித்தே பேசுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், தேவையற்ற துன்பம் நேரும் வகையில் ஒரு விலங்கை வண்டியில் கொண்டுசெல்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறை செய்யும் குற்றத்துக்கு அச்சட்டத்தில் எழுதப்பட்டுள்ள அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! 1960இல் பத்து ரூபாய்க்கு இருந்த மதிப்பை நாம் விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 57ஆம் விதி இன்னும் தெளிவானது. வண்டியில் வரும் நாய் ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்காதவாறும், திடீரென வண்டி நின்றால் எவருக்கும் காயம் விளையாதவாறும், கச்சையாலோ கூண்டாலோ தடுப்பாலோ கட்டுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அது கூறுகிறது.

ஏன் மறுக்கிறது?

நாயின் கணக்குப் புத்தகத்தில் கார் என்பது பற்றுப் பக்கத்தில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை. கடற்கரைக்கும் பூங்காவுக்கும் நடந்தே அழைத்துப்போகிறோம். ஊசிக்கு மட்டும் காரில் ஏற்றுகிறோம். மூன்று முறை அவ்வாறு நேர்ந்தால் நான்காம் முறை கார்ச் சாவியின் ஓசை கேட்டதும் அது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறது. அதனைப் பிடிவாதம் என்பதைவிட நல்ல நினைவாற்றல் என்பதே பொருந்தும்.

குமட்டலும் மற்றொரு காரணம். வளர்ச்சி முற்றுப்பெறாத குட்டிகளுக்கு உடற்சமநிலையை உணரும் உட்செவி உறுப்பும் முதிர்ந்திருப்பதில்லை. ஆகவே வண்டி அசைந்தால் அவற்றுக்குத் தலைசுற்றுகிறது. வளர்ந்தபின் அது பலவற்றுக்கு நீங்கிவிடும். எனினும் அச்சம் தங்கிவிடும். எச்சில் ஒழுகுதல், உதட்டை அடிக்கடி நக்குதல், உறக்கமின்றியே கொட்டாவி விடுதல் ஆகியன குமட்டலுக்கும் அச்சத்துக்கும் பொதுவான அறிகுறிகள். பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடுவது நன்று. தண்ணீரை நிறுத்தக் கூடாது. வாந்தியைத் தடுக்கும் மருந்து நாய்களுக்கென்றே உண்டு. அதனைக் கால்நடை மருத்துவர் எழுதித்தர வேண்டும். வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ பாதியாக உடைத்துக் கொடுப்பது பேராபத்து. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன் போன்றவை நாய்க்கு நஞ்சாகக்கூடும். மருத்துவரே அச்சம் தணிக்கும் மருந்து தருவாரானால், அதனைப் பயணமில்லாத ஒரு நாளில் வீட்டிலேயே ஒரு முறை கொடுத்து, நாய் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்த்துக்கொள்வது முறை.

மூன்றாவது காரணத்தை நாம் எளிதில் கவனிப்பதில்லை. ரெக்சின் உறையிட்ட இருக்கை வழுக்குகிறது. ஏறும் உயரமும் வயதான நாயின் இடுப்புக்கு வலி தருகிறது. வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றும், ஆடாத கால்மணை ஒன்றும் இருந்தால் சில நாய்களின் மறுப்பு அன்றே தீர்ந்துவிடும்.

நிற்கும் காரில் ஒரு விள்ளல் இட்லி

பழக்கும் முறை எளியது, பொறுமைதான் அருமையானது. கட்டட வளாகத்தில் கார் நிற்கும் இடத்திலேயே, என்ஜினை இயக்காமல், கதவைத் திறந்துவைத்துத் தொடங்கலாம். முதல் நாள் காரின் அருகே நின்றதற்கே ஒரு துண்டு உணவு. மறுநாள் முன்னங்கால்களை வைத்ததற்கு ஒன்று. ஏறி அமர்ந்ததற்கு ஒன்று. எந்த நிலையிலும் பின்னாலிருந்து தள்ளக் கூடாது, கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. ஏறிய உடனே கதவை அறைந்து சாத்துவது நான்கு நாள் உழைப்பை ஒரு நொடியில் அழித்துவிடும். வெறும் இட்லித் துண்டு இதற்குப் போதும். சாம்பாரில் தோய்த்த இட்லி வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் சாக்லேட்டும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

நிற்கும் காரில் நாய் இயல்பாகப் படுக்கத் தொடங்கிய பிறகு என்ஜினை மட்டும் இயக்கலாம். அடுத்த சில நாள்களில் வளாக வாசல்வரை சென்று திரும்பலாம். அதன்பின் வெளியே. இவ்விடத்தில் கிங்ஸ் சர்க்கிள்வாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. அருகிலிருக்கிறது என்பதற்காக வட்டப் பூங்காவையே மூன்று முறை சுற்றி வர வேண்டாம். இடைவிடாத வளைவு நாயின் குமட்டலைத் தூண்டும். நேர்ச்சாலை வழியே தாதர் பார்சி காலனியின் ஐந்து பூங்காக்களுக்கு அதிகாலையில் போவது மேல். மஞ்சர்ஜி ஜோஷியின் பெயர் தாங்கிய அந்தப் பூங்காக்களின் மரநிழலில் கால்மணி நேரம் நடக்கவிட்டுத் திரும்பினால், காரின் முடிவில் ஊசி அல்லாத ஒன்றும் உண்டு என்பதை நாய் அறிந்துகொள்கிறது. ஐந்து இன்பப் பயணத்துக்கு ஒரு மருத்துவப் பயணம் என்ற விகிதத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. இது நம் அனுபவத்தில் கண்ட விகிதமே அன்றி ஆய்வில் கண்டதன்று.

கட்டும் முறை

கழுத்துப்பட்டையில் கட்டக் கூடாது என்பதே முதல் விதி. வண்டி திடீரென நின்றால் முழு விசையும் குரல்வளையில் இறங்கும். மார்பைச் சுற்றி அணிவிக்கும் அகன்ற கச்சையே வேண்டும். கடைகளில் ஹார்னெஸ் என்று கேட்டால் தருவார்கள். அதில் காருக்கென்று செய்யப்பட்ட வகையும் நடைக்கென்று செய்யப்பட்ட வகையும் வெவ்வேறு. நடைக் கச்சையின் பிளாஸ்டிக் கொக்கி மோதலைத் தாங்காது. 2013இல் அமெரிக்காவின் விலங்குப் பாதுகாப்பு மையம் ஒன்று, சுபாரு கார் நிறுவனத்தின் துணையுடன், விற்பனையில் இருந்த கச்சைகளை மோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது, அவற்றில் பெரும்பாலானவை நாய்ப் பொம்மையைத் தாங்கிப்பிடிக்கத் தவறின. பொதியின் மேலே அச்சிட்ட சொற்களை நம்பி வாங்காமல், தையல் அகலமாக இருக்கிறதா, கொக்கிகள் உலோகத்தால் ஆனவையா, காரின் சீட் பெல்ட்டே கச்சையின் கண்ணிக்குள் நுழைந்து செல்லுமாறு அமைந்திருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்ப்பது வங்கி ஆவணத்தைக் கையெழுத்திடும் முன் படிப்பது போன்றதாகும். நாய் அமரவும் படுக்கவும் போதிய நீளம் இருக்க வேண்டும். முன்னிருக்கைகளின் இடைவெளிவரை எட்டிவரும் நீளம் கூடாது.

தெற்கிலிருந்து வந்த நம் குடும்பங்களில் சிலர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலிய இன நாய்களை ஊர்ப்பாசத்தோடு வளர்க்கிறார்கள். ராஜபாளையத்தை 2005இல் அஞ்சல் துறை தபால்தலையிலும் பதித்தது. இந்த வேட்டை நாய்களுக்குக் கழுத்து நீளம், தலை குறுகல். ஆகவே, பின்வாங்கி ஓர் இழுப்பு இழுத்தால் சாதாரணப் பட்டை காதுகளைக் கடந்து கழன்றுவிடும். கழன்றபின் அவற்றை ஓடிப் பிடிக்க மாட்டுங்காவில் எவராலும் இயலாது. மார்புக் கச்சையோடு பட்டையும் அணிவித்து, நடத்தும் வாரை இரண்டிலும் பிணைப்பது இவற்றுக்குத் தக்க ஏற்பாடு. வெள்ளை ராஜபாளையங்களில் சில பிறவியிலேயே செவிடானவை. அவற்றைப் பின்னாலிருந்து திடீரெனத் தொட்டுத் தூக்கினால் மருண்டு கடிக்கக்கூடும். கண்ணில் படுமாறு முன்னால் வந்து, பிறகு தொட வேண்டும்.

சிறிய நாய்களுக்குப் பெட்டி சிறந்தது. பக், பொமரேனியன், ஷி ட்சு போன்றவை திரும்பிப் படுக்கும் அளவுள்ள உறுதியான பெட்டியை முன்னிருக்கைக்குப் பின்னால் கால்வைக்கும் இடத்தில் அசையாமல் பொருத்திவைக்கலாம். பெரிய நாய்க்குக் கம்பிக் கூண்டை டிக்கியில் வைக்குமாறு வெளிநாட்டுக் கையேடுகள் கூறும். மும்பையில் அந்த அறிவுரை பல கார்களுக்குப் பயன்படாது. டிக்கியில் சி.என்.ஜி. உருளை படுத்திருக்கிறது! மேலும் மூடிய டிக்கி கொண்ட செடான் வகைக் காரில் எந்த உயிரையும் அங்கே ஏற்றலாகாது. ஆகவே நம் நகரத்துக்குப் பின்னிருக்கையும் கச்சையுமே நடைமுறைக்கு ஏற்றவை. தலைச்சாய்வுகளில் மாட்டித் தொங்கவிடும் துணி விரிப்பு இருக்கையை அழுக்கிலிருந்து காக்கும், நாய் கீழே உருளாமலும் தாங்கும். ஆனால் அதுவே கட்டு ஆகிவிடாது.

கட்டியபின் செய்ய வேண்டியவை மூன்று உள. கதவுகளின் சிறுவர் பூட்டை இட வேண்டும். பின்சன்னல் விசையை ஓட்டுநர் பக்கத்திலிருந்து முடக்க வேண்டும். இறங்கும்போது நடத்தும் வாரை மாட்டிக் கையில் சுற்றிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். நாய்கள் தொலைவது பெரும்பாலும் ஓடும் காரிலிருந்து அன்று, நின்ற காரின் திறந்த கதவிலிருந்துதான்.

நேரமில்லாத நாளில்

இனி, பழக்குவதற்கு நேரமில்லாத நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளரான ஓர் அம்மையார், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியே வாழ்பவர், வளர்ப்பது 28 கிலோ லாப்ரடார். அதன் பின்னங்கால் ஓர் இரவில் திடீரெனச் செயலிழந்தபோது, அண்டை வீட்டு மாமாவும் காவலாளியும் சேர்ந்து தூக்க முயன்றார்கள். வலியில் துடித்த நாய், தான் ஆறாண்டுகளாக வாலாட்டி வந்த காவலாளியின் முன்கையையே கடித்துவிட்டது. நாயின் மேல் குற்றமில்லை; வலியிலுள்ள எந்த நாயும் கடிக்கும். உறுமலைக் கேட்டு அதட்டுவதும் தவறு. உறுமல் என்பது எச்சரிக்கை. அதனை அடக்கிவிட்டால் எச்சரிக்கையின்றிக் கடிக்கும்.

அத்தகைய வேளையில் முதலில் வாயைக் காக்க வேண்டும். கூடை வடிவ வாய்ப்பூட்டு வீட்டில் இருந்தால் மிக நன்று. அதனை அணிந்தபடியே நாய் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இயலும். அது இல்லையெனில் ஒரு துப்பட்டாவையோ அகன்ற துணிப்பட்டையையோ எடுத்து, நாயின் மூக்குத்தண்டின்மேல் சுற்றி, தாடைக்கடியில் ஒரு முடிச்சிட்டு, இரு முனைகளையும் காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் எளிதில் அவிழும் முடிச்சாகக் கட்டலாம். இவ்வாறு கட்டியதைப் பயணம் முடிந்த உடனே அவிழ்க்க வேண்டும். நாய் உடலின் வெப்பத்தை வாய் வழியாகவே பெரிதும் வெளியேற்றுகிறது. வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் போன்ற தட்டை மூக்கு நாய்க்கும் துணிக்கட்டு அறவே கூடாது. அவற்றுக்குக் கழுத்தைச் சுற்றித் தடித்த துவாலையைத் தளர்வாகச் சுருட்டிவைப்பதே தக்க காப்பு.

சிறிய நாயைப் போர்வையில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரியுமாறு எடுத்துச்செல்லலாம். பெரிய நாயை ஒருவர் தூக்குவதானால் ஒரு கை மார்பைச் சுற்றியும் மறு கை பின்தொடைகளுக்குக் கீழும் இருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துத் தூக்கினால் உள்ளுறுப்புகளுக்குத் தீங்கு. முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருப்பின், கெட்டியான பலகையிலோ நான்கு மூலையும் இழுத்துப்பிடித்த போர்வையிலோ மெல்ல நகர்த்தி ஏற்றி, இருவர் சுமந்து இறக்க வேண்டும். படிக்கட்டில் தலைப்பக்கம் மேலே இருப்பது அதற்கு ஆறுதல். காரில் ஏற்றும்போது ஒருவர் மறுபக்கத்துக் கதவு வழியே முன்னதாக உள்ளே அமர்ந்து, அக்கதவைச் சாத்திவிட்டு, நாய் நம்பும் குரலில் அழைத்து வாங்கிக்கொள்ளட்டும். அவரும் சீட் பெல்ட் அணிந்தே அமர வேண்டும். ஓட்டுபவர் வேறொருவராக இருப்பது இன்றியமையாதது.

கடி நேர்ந்துவிட்டால், அது தடுப்பூசி போட்ட சொந்த நாயே ஆயினும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவியபின் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான் மருத்துவமனை எட்டும் தொலைவில்தான் உள்ளது. நாயைக் காப்பாற்றப் போகிற அவசரத்தில் கடிபட்ட காவலாளியை மறந்துவிடுவது நாம் கண்ட வழக்கம். அந்த அம்மையார் மறக்கவில்லை. நாயைப் பரேலுக்கு மாமாவோடு அனுப்பிவிட்டு, காவலாளியோடு சயானுக்குத் தாமே டாக்சியில் சென்றார்.

சொந்தக் கார் இல்லாதவர்கள் டாக்சியை நம்பியே இருக்கிறார்கள். நாயுடன் வருவதை முன்கூட்டியே சொல்லி, இருக்கைக்கு விரிப்பு நாமே கொண்டுவருகிறோம் என்றால் இசையும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இருவர் மூவரின் எண்களைக் குறித்துவைத்திருப்பது இரவில் கைகொடுக்கும்.

வெயில், மழை, விழா

காரில் நாயை விட்டுவிட்டு மருந்துக்கடைக்கு ஐந்தே நிமிடம் போய் வருவது என்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளியே மிதமான வெப்பம் இருக்கும் நாளிலும் நிற்கும் காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 செல்சியஸ் பாகை உயர்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. சன்னலைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிய மாற்றமில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 பாகை. 41ஐக் கடந்தால் உயிருக்கு ஆபத்து.

மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளின் காந்தி சந்தைப் பகுதியும் ஹிந்த்மாதாவும் நீரில் மூழ்குவது ஊரறிந்த செய்தி. பரேல் செல்லும் வழியில் ஹிந்த்மாதா குறுக்கே கிடக்கிறது. பெருமழை எச்சரிக்கை உள்ள நாளில் வழக்கமான ஊசிக்கான பயணத்தை ஒத்திவைப்பதே அறிவு. அவசரமாகச் செல்ல நேர்ந்தால், கச்சையின் கொக்கியை ஒரே கையால், இருட்டிலும், விரைந்து கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே பழகியிருக்க வேண்டும். நீர் ஏறும் காரில் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் இராது. தேங்கிய நீரில் நடந்த நாய்க்கு எலிக்காய்ச்சல் தொற்றும் ஆபத்தும் இருப்பதால், அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

விநாயக சதுர்த்தியின்போது ஜி.எஸ்.பி. சேவா மண்டலின் கணபதியைக் காணக் கூடும் கூட்டத்தால் கிங்ஸ் சர்க்கிள் சாலைகள் ஐந்து நாளும் நிரம்பி வழிகின்றன. அந்தப் பந்தலுக்கு 2024இல் எடுக்கப்பட்ட காப்பீடு 400 கோடி ரூபாய்க்கு மேல் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். மேளமும் வெடியும் நாயை மிரட்டும். அந்நாள்களில் பழக்கும் பயணம் வேண்டாம்.

பணமும் தாள்களும்

காப்பீடு என்றதும் நம் தொழில் நினைவுக்கு வருகிறது. செல்ல நாய்களுக்கும் இப்போது காப்பீடு கிடைக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் கேட்டறியலாம். வாங்கும் முன், பயணத்தின்போது நேரும் விபத்து அடங்குமா, எந்த வயதுவரை செல்லும், தடுப்பூசிச் சான்று தவறினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் ஆவணத்திலேயே தேடிப் படிக்க வேண்டும். முகவரின் வாய்ச்சொல் போதாது. நாயின் பெயரில் கணக்குத் தொடங்க இயலுமா என்று பாதி விளையாட்டாகக் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அடையாளச் சான்று கேட்போமே! நாயை வாரிசுதாரராக நியமிக்கவும் வழியில்லை. ஆனால் அதன் பொருட்டு உங்கள் பெயரிலேயே சிறு தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கலாம். இரவு நேர அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கப்படும்போது அது உதவும்.

மாநகராட்சியின் நாய் உரிமம், தடுப்பூசி அட்டை, மருத்துவரின் எண் ஆகியவற்றைக் காரின் கைப்பெட்டியில் ஒரு படியும் கைப்பேசியில் ஒரு படமுமாக வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு நெடும்பயணம் போவோர் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றையும் பெற்றுக்கொள்ள வேண்டும்; 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் சாலைப் பயணத்துக்கும் அதனைக் குறிப்பிடுகின்றன. வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் காட்டுவது போதுமானது. விரைவுச்சாலையின் ஓரத்தில் நிறுத்தாமல், உணவு வளாகம்வரை சென்று நிறுத்த வேண்டும்.

திரும்பும் வழி

மருத்துவமனையை அடைந்ததும் நாயோடு உடனே கூடத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. ஒருவர் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, மற்றவர் குளிர்சாதனம் இயங்கும் காரிலேயே நாயுடன் இருந்து, அழைக்கும்போது உள்ளே செல்வது பிற நாய்களைக் கண்டு மிரள்வதைத் தவிர்க்கும். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாய் திரும்பும் வழியில் தள்ளாடும். தையல் இருக்கும் இடத்தில் கச்சை அழுத்தலாகாது. எவ்வாறு கட்டுவது என்று மருத்துவரிடமே கேட்டு, அவர் முன்னிலையிலேயே கட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்பலாம்.

வீடு வந்து சேர்ந்தபின் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. மருத்துவர் அனுமதித்த நாளில், காரை எங்கும் கொண்டுபோகாமல், நிழலில் நிறுத்தி, பின்கதவை மட்டும் திறந்துவைத்து, இருக்கையின் மேல் ஒரு விள்ளல் வெறும் இட்லியை வைத்துவிட்டுச் சற்று விலகி நிற்கலாம். சில நாய்கள் அன்றே ஏறும். சில நாய்களுக்கு ஒரு வாரம் ஆகும். அந்த அம்மையாரின் லாப்ரடாருக்குப் பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள், அவர் சாவியை எடுப்பதற்கு முன்பே அது படியிறங்கிக் காரருகே போய் நின்றதாகக் கிளைக்கு வந்தபோது சொன்னார்.